வலசை போகும் வீடுகள்

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருப்பவர் நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். இந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் மாலை அவர் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, சமையலறைச் சுவரில் அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி இப்போதே மாட்டப்பட்டிருப்பதையும், அதில் பென்சிலால் சிறு கோடுகள் வரிசையாக இடப்பட்டிருப்பதையும் கவனித்தேன். ஜனவரி 6 அன்று தொடங்கி ஏப்ரல் 3 அன்று முடிந்தன. எண்ணிப் பார்த்தால் 88. அந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

அவருடைய மனைவிக்கு நுரையீரல் நோய். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள இந்தச் சிறுநகரத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் ஈரக்காற்று அவருக்கு ஆகாது. அந்த மாதங்களில் அவர் சன்னலோரத்து நாற்காலியிலேயே இருந்துவிடுவார். 'வெயில் உள்ள இடத்தில் சில வாரங்கள் இருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை' என்று மருத்துவர் போகிறபோக்கில் ஒருநாள் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கணவரும் மனைவியும் தங்கள் வாழ்நாளில் முதன்முறையாகக் குளிர்காலத்தை ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில் கழிப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். வீட்டுப் பக்கவாட்டில் பழைய கேரவன் ஒன்று நிற்கிறது. இதுவரை அது கோடையில் வேல்ஸ் கடற்கரைக்குப் போய்த் திரும்பியதோடு சரி.

கொண்டுசெல்ல வேண்டியவற்றின் பட்டியலை என்னிடம் காட்டினார். நான்கு பக்கம். மூன்று மாதத்துக்கான மாத்திரைகளில் தொடங்கி, சக்கரம் கழற்றும் கருவி, இரண்டு வகைக் காஸ் சிலிண்டர், தேயிலை என்று நீண்டு, கடைசிப் பக்கத்தில் 'தலையணை, அவளுடையதே' என்று முடிந்திருந்தது. படிக்கப் படிக்க, இது புதிய பட்டியல் அல்ல என்ற எண்ணம் எனக்குள் வலுத்தது. ஏறத்தாழ 260 ஆண்டுகளாக ஆங்கிலேயர்கள் இதே பட்டியலைத்தான் அடித்தும் திருத்தியும் எழுதிவருகிறார்கள்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சிறு விளக்கம். கேரவன் என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டப்பட்ட வண்டி நினைவுக்கு வரக்கூடும். பாரசீகத்தில் கார்வான் என்பது கூட்டமாகப் பாலைவனம் கடக்கும் வணிகர்களைக் குறித்தது. நம் பழைய இலக்கியங்கள் சாத்து என்று சொல்வதும் ஏறக்குறைய அதையே. ஆங்கிலத்துக்குப் போன சொல் காலப்போக்கில் கூட்டத்தைக் கைவிட்டு ஒற்றை வண்டியைக் குறிக்கத் தொடங்கிற்று. இன்று அங்கே கேரவன் என்றால், காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லக்கூடிய, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் கொண்ட ஒற்றை அறை வீடு. நம் சாத்தர்கள் பொருளை ஏற்றிச் சென்றார்கள், இவர்கள் வீட்டையே ஏற்றிச் செல்கிறார்கள்.

குளிருக்கு அஞ்சித் தெற்கே போன ஆங்கிலேயர்களின் கதையை 1763இல் தொடங்குவது வழக்கம். அவ்வாண்டு டோபயஸ் ஸ்மாலெட் என்ற நாவலாசிரியர் தம் மனைவியுடன் பிரான்ஸுக்குக் கப்பலேறினார். ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் அறுவை மருத்துவராக இருந்தவர். வயது 42. நெடுநாள் இருமலும் ஆஸ்துமாவும் அவரை உருக்கியிருந்தன. அதைவிடப் பெரிய காரணம், அவ்வாண்டு ஏப்ரலில் அவர்களுடைய ஒரே மகள் எலிசபெத் 15 வயதில் இறந்துபோனது. மகள் வளைய வந்த வீட்டில் இருக்கத் தாயால் முடியவில்லை. தந்தையின் உடல் அதைக் காரணமாகக் காட்டிக்கொள்ள உதவியது என்றுகூடச் சொல்லலாம்.

ஸ்மாலெட்டின் பயணத் திட்டம் முதல் துறைமுகத்திலேயே சிக்கிக்கொண்டது. அவர் பெட்டி நிறையப் புத்தகங்கள் கொண்டுபோயிருந்தார். பூலோன் சுங்கச்சாவடியில் அவற்றைப் பறித்துக்கொண்டார்கள். அரசுக்கோ மதத்துக்கோ எதிராக அவற்றில் ஏதும் இருக்கிறதா என்று சோதிக்க, அமியான் நகருக்கு அவருடைய செலவிலேயே அனுப்பி வைப்பதாகச் சொன்னார்கள். மனிதர் கொதித்துப்போனார். அன்று தொடங்கிய எரிச்சல் இரண்டாண்டுகள் ஓயவில்லை. விடுதிகள் அழுக்கு, படுக்கையில் மூட்டைப்பூச்சி, வண்டிக்காரர்கள் திருடர்கள், உணவில் பூண்டு. எல்லாவற்றையும் கடிதங்களாக எழுதி 1766இல் நூலாக வெளியிட்டார்.

இலக்கிய வரலாற்றில் அந்நூல் கேலிப்பொருளாகவே நிலைத்துவிட்டது. லாரன்ஸ் ஸ்டெர்ன் தம் பயண நூலில் ஸ்மாலெட்டுக்கு ஒரு நையாண்டிப் பெயர் சூட்டி, எங்கே போனாலும் குறை மட்டுமே காணும் பிறவி என்று சிரித்தார். அந்தச் சிரிப்பே பின்வந்தோர் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஸ்டெர்னும் நுரையீரல் நோயோடு தென் பிரான்சில் காலம் தள்ளியவர்தான். நையாண்டி நூல் வெளிவந்த அடுத்த மாதமே, 1768 மார்ச்சில், இறந்துபோனார். மூச்சுக்குத் திண்டாடிய இருவரில் ஒருவர் சிரித்தார், மற்றவர் சினந்தார். ஸ்மாலெட்டின் பக்கங்களில் நான் குறைகளை மட்டும் படிக்கவில்லை. மகளைப் புதைத்துவிட்டு வந்த ஒருவர் சுங்கச்சாவடியிலும் விடுதி முதலாளியிடமும் சண்டை போடுகிறார். சண்டை போடவாவது அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

நீஸ் நகரில் அவர் தங்கினார். அது அன்று பிரான்ஸில் இல்லை. சார்டினிய அரசருக்கு உரியது. 1763 நவம்பர் முதல் 1765 மார்ச் வரை வானிலையைக் குறித்துவைத்து, அந்தக் குறிப்பேட்டை நூலின் பின்னிணைப்பாகச் சேர்த்தார். காற்று எத்திசை, மழை உண்டா, வெப்பமானி என்ன காட்டியது என்று சலிப்பூட்டும் பதிவு. எனக்கு நூலின் உயிர்நாடியே அதுதான் என்று தோன்றுகிறது. சினமும் புலம்பலும் இல்லாத பக்கங்கள் அவை. நீஸின் குளிர்காலம் எப்படிப்பட்டது என்பதற்கு வடக்கே இருந்தவர்கள் நம்பக்கூடிய சான்றாக அது அமைந்தது. மே மாதத்தில் கடலில் இறங்கிக் குளித்ததையும் எழுதினார். நோயாளி ஒருவர் அப்படிச் செய்ததைக் கண்டு உள்ளூர் மக்கள் திகைத்தார்களாம். இன்று உலகமே அக்கரைக்குச் சென்று செய்யும் காரியம்.

அவருக்குப் பின் ஆங்கிலேயர் நீஸுக்கு வரத் தொடங்கினர். அவர்கள் வந்ததன் தடயம் ஒன்று இன்னும் நிற்கிறது. 1821-22 குளிர்காலத்தில் கடும் உறைபனி அப்பகுதியின் ஆரஞ்சு மரங்களைக் கொன்றது. வேலையிழந்த கூலிகள் நகரத்தில் பிச்சைக்கு அலைந்தனர். லூயிஸ் வே என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் நாட்டவரிடம் பணம் திரட்டி, அவர்களைக் கொண்டு கடலோரமாக ஒரு நடைபாதை போடச் செய்தார். ஆங்கிலேயர் உலாவுசாலை என்ற பெயரோடு இன்று உலகப் புகழ்பெற்ற சாலை அதுதான். வெயில் தேடி வந்தவர்கள் உலாவுவதற்காக, குளிரால் பிழைப்பிழந்தவர்கள் போட்ட பாதை! தெற்கிலும் உறைபனி உண்டு என்பதைப் புதிதாகப் புறப்படுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1956 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாப் பகுதி ஆரஞ்சுத் தோட்டங்கள் இதேபோலக் கருகின.

கான் நகரத்தின் கதை இன்னும் விந்தையானது. பிரிட்டனின் லார்ட் சான்ஸலர் பதவியிலிருந்து விலகிய ஹென்றி புரூம் பிரபு, 1834இல் நோயுற்ற தம் மகளை அழைத்துக்கொண்டு இத்தாலிக்குப் புறப்பட்டார். வார் நதிதான் அன்று எல்லை. பிரான்ஸில் காலரா பரவியிருந்ததால் சார்டினியக் காவலர்கள் எவரையும் ஆற்றைக் கடக்கவிடவில்லை. நேற்றுவரை பேரரசின் தலைமை நீதிபதியாக இருந்தவர் எவ்வளவோ வாதாடியும் பயனில்லை. திரும்பி வந்து வழியில் இருந்த ஒரு மீனவக் கிராமத்தில் இரவு தங்கினார். இடம் பிடித்துப்போயிற்று. நிலம் வாங்கி மகள் பெயரால் ஒரு மாளிகை கட்டினார். அந்தக் கிராமம்தான் கான். மகள் எலினோர் 1839இல் பதின்பருவத்திலேயே இறந்துபோனாள். தந்தை அதன்பின்னும் குளிர்காலந்தோறும் அங்கே வந்துகொண்டிருந்தார். 1868இல் அங்கேயே இறந்தார். எல்லைக் காவலன் ஒருவன் 'முடியாது' என்று சொன்ன ஒரு சொல்லிலிருந்து ஒரு நகரம் முளைத்திருக்கிறது.

அடுத்த கட்டத்தில் மருத்துவர்கள் நுழைகிறார்கள். ஹென்றி பென்னட் என்ற லண்டன் மருத்துவருக்குக் காசநோய் முற்றியது. இனித் தேறமாட்டோம் என்ற எண்ணத்துடன் 1859இல் இத்தாலிய எல்லையை ஒட்டிய மென்டோன் என்ற சிற்றூருக்குச் சென்றார். சாகப் போனவர் பிழைத்துவிட்டார்! அதன்பின் குளிர்காலங்களில் அங்கேயே மருத்துவம் பார்த்தார். ஊரின் தட்பவெப்பத்தைப் புகழ்ந்து 1861இல் நூல் எழுதினார். அந்நூல் பதிப்புமேல் பதிப்புக் கண்டது. 1860களில் ரயில் பாதையும் அக்கரையோரமாக வந்து சேர்ந்தது. வட ஐரோப்பாவின் காசநோயாளிகள் சாரிசாரியாக வந்து இறங்கினர். தெற்கு நோக்கிய அறை வேண்டும், வாடைக்காற்று படக்கூடாது, பொழுது சாய்வதற்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று விதிகள் உருவாயின. எங்கள் ஓட்டுநர் தம் கேரவனின் பெரிய சன்னல் தெற்கே பார்க்கும்படி நிறுத்த இடம் கேட்டு முகாமுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னபோது, எனக்குப் பென்னட்டின் நினைவு வந்தது.

பென்னட் பிழைத்தது உண்மைதான். ஆனால் மென்டோனின் மலைமேட்டில் உள்ள பழைய இடுகாடு பிழைக்காதவர்களின் ஊர். பழைய கோட்டை இருந்த மேட்டில், கடலைப் பார்த்தபடி அடுக்கடுக்காகக் கல்லறைகள். அவற்றில் பலவற்றில் பொறித்துள்ள வயது இருபதுகளைத் தாண்டாது. ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1898இல் அவ்வூரில்தான் 25 வயதில் இறந்தார். வரலாற்றாசிரியர் ஜான் ரிச்சர்ட் கிரீன் இறந்ததும் அங்கேதான், 1883இல்.

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1873 நவம்பரில் மென்டோனுக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 23. அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பை 'தெற்கே போகக் கட்டளை' என்று தமிழில் சொல்லலாம். நெடுநாள் கனவு கண்ட அழகிய இடத்துக்கு வந்து சேர்ந்த நோயாளி, அந்த அழகைத் தன்னால் உணர முடியவில்லை என்று கண்டுகொள்வதுதான் அக்கட்டுரையின் மையம். கண்முன் கடல் இருக்கிறது, ஆலிவ் மரம் இருக்கிறது, அனுபவிக்க வேண்டிய ஆள்தான் இல்லை. பயணக் கட்டுரை எழுதுவோர் எவரும் ஒப்புக்கொள்ளத் தயங்கும் இந்த உண்மையை 23 வயதில் எழுதிவிட்டார்.

1882 மார்ச்சில் பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். நோய் தொற்றக்கூடியது என்று உறுதியானதும் கடற்கரை விடுதிகள் இருமுகிறவர்களை வரவேற்கத் தயங்கின. நோயாளிகள் பனிமலைச் சானடோரியங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கரையை அரச குடும்பங்களும் சூதாடிகளும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலம் நெடிது பேசப்பட்டுவிட்டது, எனக்கு அதில் ஆர்வமில்லை. பேருந்து ஓட்டுநர் எவரும் அங்கே போக முடியாத காலம் அது என்பது மட்டும் போதும்.

இனி வண்டியின் கதை. இதுவும் ஒரு கடற்படை மருத்துவரிடம்தான் தொடங்குகிறது. கார்டன் ஸ்டேபிள்ஸ் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று, சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிப் பிழைத்தவர். நாடோடி ஜிப்ஸிகளின் வண்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, 1885இல் பிரிஸ்டல் நகரத்து ரயில்பெட்டித் தொழிற்சாலையில் தமக்கென்று ஒரு வண்டி செய்வித்தார். மகோகனி மரத்தாலானது, ஏறத்தாழ 2 டன் எடை, இழுக்க இரண்டு குதிரைகள். 'அலைபவன்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். ஒரு வண்டிக்காரன், ஒரு பணியாள், பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாய், ஒரு காகடூ கிளி ஆகியோர் உடன்வர, இங்கிலாந்தின் பெர்க்ஷயரிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை சுமார் 1,300 மைல் போனார். பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் சென்று, வளைவுகளில் எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று பொதுவாக இதையே சொல்கிறார்கள்.

ஸ்டேபிள்ஸ் கோடையில் போனார், வடக்கே போனார். குளிருக்குத் தப்பித் தெற்கே போவது ஒரு மரபு. வீட்டை இழுத்துக்கொண்டு அலைவது இன்னொரு மரபு. 1885இல் இவை இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை.

இரண்டும் அருகருகே வருவதை நான் முதலில் ஒரு சிறுவர் நூலில்தான் கண்டேன். கென்னத் கிரஹாம் 1908இல் வெளியிட்ட 'தி விண்ட் இன் த வில்லோஸ்' அது. இங்கிலாந்தின் கேரவன் சங்கம் தொடங்கப்பட்டது 1907இல். நாவலில் அதன் காற்று அடிக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் தேரையார் மஞ்சள் வண்ணம் பூசிய புத்தம்புதிய கேரவன் ஒன்றை நண்பர்களுக்குப் பெருமையோடு காட்டுகிறார். உள்ளே படுக்கை, அடுப்பு, புத்தக அலமாரி, பறவைக் கூண்டு. ஒன்றையும் மறக்கவில்லை என்று மார்தட்டுகிறார். மறுநாள் காலை பால், முட்டை முதலியன இல்லையென்று தெரிந்து, அகழெலி வெகுதூரத்துக் கிராமத்துக்கு நடக்க வேண்டியதாகிறது. பயணத் திட்டம் பற்றி எழுதப்பட்ட எந்தக் கையேட்டையும்விட இந்த இடம் எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. பறவைக் கூண்டு நினைவில் இருக்கும், பால் மறந்துபோகும்.

அந்தக் கேரவனைச் சாலையில் பாய்ந்து வந்த மோட்டார் கார் ஒன்று பள்ளத்தில் தள்ளிவிடுகிறது. தேரையார் கேரவனை அங்கேயே மறந்து காரின்மேல் காதல்கொள்கிறார். எல்லாருக்கும் தெரிந்த பகுதி இது. ஒன்பதாம் அத்தியாயம் அவ்வளவு பேசப்படுவதில்லை. இலையுதிர்காலம், தகைவிலான்கள் தெற்கே வலசை போகக் கூடிக்கூடிப் பேசுகின்றன. நீர் எலிக்கு மனம் நிலைகொள்ளவில்லை. அப்போது கடல் சுற்றிய எலி ஒன்று வழியில் உட்கார்ந்து, மத்தியதரைக் கடலின் துறைமுகங்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மயக்குகிறது. நீர் எலி கனவில் நடப்பதுபோல வீட்டுக்கு வந்து, பை கட்டிக்கொண்டு தெற்கே கிளம்புகிறது. அகழெலி வாசலில் மறித்து, கட்டிப்பிடித்து, உள்ளே இழுத்து உட்காரவைக்கிறது. பிறகு மெதுவாக அறுவடையைப் பற்றியும், வரப்போகும் குளிர்காலத்தில் கணப்படுப்பின் சுகத்தைப் பற்றியும் பேசுகிறது. 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று நம்மவர்கள் சொல்வதன் முழுப்பொருளும் அந்தக் காட்சியில் இருக்கிறது.

ஒரே நூலில் கேரவனும் இருக்கிறது, தெற்கின் அழைப்பும் இருக்கிறது. இரண்டையும் இணைத்தால் நீர் எலியின் சிக்கல் தீர்ந்திருக்கும் என்று கிரஹாமுக்குத் தோன்றவில்லை. வளையை விடாமலே தெற்கே போக ஒரு வண்டி போதுமே! 1920இல் கிரஹாமின் ஒரே மகன் அலஸ்டேர் ஆக்ஸ்ஃபர்டில் ரயில் பாதையில் இறந்து கிடந்தான். அவன் சிறுவனாக இருந்தபோது இரவுகளில் சொன்ன கதைகளே அந்த நூலாயின. தந்தையும் தாயும் அவ்வாண்டே வீட்டை விட்டு இத்தாலிக்குச் சென்று சில ஆண்டுகள் அங்கேயே இருந்தார்கள். ஸ்மாலெட் போன அதே காரணம்.

நாவலில் கேரவனைக் கவிழ்த்த கார், நிஜத்தில் அதை இழுக்கத் தொடங்கியது. பர்மிங்காமில் ரைலி என்ற தந்தையும் மகனும் நடத்திய எக்கிள்ஸ் நிறுவனம் 1919 முதல் கார் இழுக்கும் கேரவன்களைச் செய்து விற்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், சாம் ஆல்பர் என்பவர் ஸ்ப்ரைட் என்ற மலிவான சிறு கேரவனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அது தாங்குமா என்று ஐயுற்றவர்களுக்கு விடையாக, 1950களின் தொடக்கத்தில் தாமே ஒன்றை இழுத்துக்கொண்டு மத்தியதரைக் கடல் நாடுகளைச் சுற்றி வந்தார். இரண்டு மரபுகளும் சந்தித்த இடம் அந்தப் பயணம் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் வண்டி இருந்தால் மட்டும் போதாது. பணத்தை வெளியே கொண்டுபோக அரசு விட வேண்டும். 1947இல் பிரிட்டிஷ் அரசு வெளிநாட்டு உல்லாசப் பயணத்துக்கான அந்நியச் செலாவணியைச் சில மாதங்கள் அடியோடு நிறுத்தியது. 1966 நவம்பரில் ஹெரால்ட் வில்சன் அரசு தலைக்கு 50 பவுன் என்று வரம்பு கட்டியது. அது 1970 ஜனவரி வரை நீடித்தது. குளிர்காலம் முழுவதையும் 50 பவுனில் கழிப்பது எப்படி? விடுதியில் தங்கினால் பணம் பறந்துவிடும். உள்ளூரில் வாங்கிய உணவு டப்பாக்களை அடுக்கிய கேரவன் என்றால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். தேயிலையையும் மாவையும் மூட்டை கட்டும் பழக்கத்தைக் கண்டு ஸ்பானியர்கள் சிரிப்பதுண்டு. அப்பழக்கத்தில் இந்த 50 பவுனின் நினைவும் கொஞ்சம் இருக்கும்.

இதற்கிடையே தெற்கும் தன்னை மாற்றிக்கொண்டிருந்தது. சூரை மீன் பிடிப்பவர்களின் ஊராக இருந்த பெனிடோர்ம், மேயர் பெத்ரோ சரகோசாவின் முயற்சியால் 1956இல் நகரத் திட்டம் ஒன்றை வகுத்து அடுக்குமாடிகளை எழுப்பத் தொடங்கியது. அதன் விளிம்பில் கேரவன் முகாம்களும் வளர்ந்தன. 1978இல் பிளிமத்திலிருந்து ஸ்பெயினின் சாந்தாந்தேருக்கு வண்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் ஓடத் தொடங்கியதும், பிரான்ஸ் முழுவதையும் சாலையில் கடக்கும் தொல்லை குறைந்தது. அடுத்த ஆண்டே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் ஒழிந்தது. 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. அதன்பின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள், ஓய்வூதியம் வாங்கும் ஓட்டுநரும் தட்டச்சரும் செவிலியும் அக்டோபரில் புறப்பட்டு ஈஸ்டருக்குத் திரும்பலாம் என்ற நிலை இருந்தது. மருத்துவரின் கட்டளை வேண்டாம், மாளிகை வேண்டாம், எவர் அனுமதியும் வேண்டாம். மனித வரலாற்றில் குளிர்காலம் இவ்வளவு மலிவாகத் தவிர்க்கப்பட்டதில்லை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின், 2021 ஜனவரி 1 முதல் வார் நதியின் காவலன் திரும்பி வந்துவிட்டான். ஷெங்கன் நாடுகளில் விசா இல்லாத பிரிட்டிஷ் குடிமகன் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்குமேல் இருக்கக்கூடாது. உள்ளே நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் முகப்படமும் எல்லையில் பதிவாகத் தொடங்கின. கண்காணிக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. நீண்டநாள் விசா வாங்கலாம். அதற்கு ஸ்பெயின் கேட்கும் வருமானச் சான்று பேருந்து ஓட்டுநரின் ஓய்வூதியத்துக்கு எட்டாதது. ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாலும் கொண்டுபோகத் தடை வந்தது. அந்த ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர்களின் பன்றியிறைச்சி சாண்ட்விச்சுகளை அதிகாரிகள் பறிமுதல் செய்த காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. ஸ்மாலெட்டிடம் புத்தகத்தைப் பறித்தவர்களின் வாரிசுகள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஓட்டுநர் கோடு போட்டது இதற்காகத்தான். கப்பல் ஜனவரி 5 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டு மறுநாள் சாந்தாந்தேரை அடையும். கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. ஏப்ரல் 3 அன்று திரும்பக் கப்பலேற வேண்டும். 90இல் 88 போக, எஞ்சிய இரண்டு நாட்கள் பிஸ்கே விரிகுடாவின் புயலுக்கு. நவம்பரும் டிசம்பரும் மனைவிக்கு இங்கேதான் கழியும். அதற்கு அவரிடம் விடை இல்லை. எந்தத் தொண்ணூறைத் தேர்ந்தெடுப்பது என்று இருவரும் பல இரவுகள் பேசியிருக்கிறார்கள். ஜனவரியும் பிப்ரவரியும்தான் மூச்சுக்கு மோசம் என்பதால் இந்த முடிவு.

சாலையும் எளிதல்ல. சாந்தாந்தேரில் இறங்கியவுடன் வெயில் வராது. மலையேறிப் பர்கோஸ் பீடபூமியைக் கடக்க வேண்டும். 850 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், ஜனவரியில் பனி விழும். வெயிலுக்குப் போகும் வழியில்தான் பயணத்தின் மிகக் குளிர்ந்த இரவு வரும். சாதாரண பியூட்டேன் காஸ் உறைநிலைக்கருகில் ஆவியாகாது; அடுப்பும் எரியாது, கணப்பும் எரியாது. ஆகவே அந்த இரவுக்குப் புரொப்பேன். தெற்கே போய்ச் சேர்ந்தபின் இங்கிலாந்துச் சிலிண்டரை அங்கே மாற்றித் தரமாட்டார்கள் என்பதால், ஸ்பானியச் சிலிண்டருக்கு ஏற்ற ரெகுலேட்டர் தனியாக. இழுக்கும் வண்டியின் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது புதியவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. அதற்காக நான்கு பக்கப் பட்டியலை அவர் மூன்றாகக் குறைக்க வேண்டும். அலிகான்டேயில் ஜனவரிப் பகல் 17 டிகிரி வரை போகும், இரவு 6 அல்லது 7க்கு இறங்கும் என்று சொன்னேன். கம்பளிப் போர்வை மறுபடி பட்டியலில் ஏறியது.

அந்த அம்மையார் இந்தப் பேச்சில் அதிகம் கலந்துகொள்ளவில்லை. அங்கே ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று ஒரு முறை கேட்டார். கணவர் அதையும் எழுதி வைத்திருந்தார்: முகாமிலிருந்து கிலோமீட்டர், அவசர எண், ஸ்பானிய மொழியில் 'மூச்சு விட முடியவில்லை' என்பதற்கான சொற்கள். படித்துக் காட்டினார், உச்சரிப்பு சரியா என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக் காப்பீட்டு நிறுவனம், தொடர்ந்து 30 நாட்களுக்குமேல் ஆளில்லாமல் கிடந்தால் பொறுப்பேற்காது என்று எழுதியிருக்கிறதாம். குழாய் உறைந்து வெடித்தால் யார் பார்ப்பது? வாரம் இருமுறை போய், கொதிகலன் ஓடுகிறதா என்று பார்த்து, குழாய்களைத் திறந்து மூடி, சன்னலோரத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சாவியை நேற்று கொண்டுவந்து கொடுத்தார்.